நான்காம் பகுதியில் அந்த அரை அடி

இப்போது குழுவை நடத்தும் நிவேதா என்னிடம் கேட்டது வேறு. "அண்ணா, நீங்க இருபத்து மூணு வருஷம் ஆடியிருக்கீங்க. குழுவுல புதுசா சேர்ந்திருக்கிறவங்களுக்கு உங்க அனுபவத்தக் கொஞ்சம் எழுதிக் குடுங்க. ஆட்டத்துக்கு நடுவுல கரண்ட் போனா என்ன செய்யறது, கால் பிசகினா என்ன செய்யறது, அந்த மாதிரி" என்றாள். எழுதியும் வைத்திருந்தேன். கரண்ட் போனது பற்றி ஒன்று, மேடைப் பலகை உடைந்தது பற்றி ஒன்று, உடைப் பெட்டி வேறு பஸ்ஸில் சேலம் போனது பற்றி ஒன்று. மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஒத்திகையைப் பார்த்ததுதான் காரணம்.

நீங்கள் நன்றாக ஆடுகிறீர்கள். எங்களைவிட உங்களுக்கு உடம்பு வளைகிறது, மூச்சும் நிற்கிறது. நான்காம் பகுதியில் முப்பத்திரண்டாவது எண்ணிக்கையில் ஆறு பேரும் ஒரே மூச்சில் அரை அடி பின்னால் விலகுகிறீர்கள். பெஞ்சின் மேல் நிற்பவர் தனியாக, மெதுவாக உட்காருகிறார். ஒத்திகை முடிந்ததும் உங்களில் ஒரு தம்பி என்னிடம் வந்து, "அந்த எடம்தாண்ணா இந்த நாட்டியத்தோட உயிரே. ஒரு மனுஷனச் சுத்தி ஒரு வெற்றிடம் உருவாகுது பாருங்க" என்றார். அழைப்பிதழிலும் ஏறக்குறைய அதையே அச்சடித்திருக்கிறீர்கள்.

நான் பஸ் ஏறினேன். நான்கு நாள் கழித்து எழுதினால் கோபம் அடங்கியிருக்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

அது வெற்றிடம் இல்லை. ஒருவனைப் பிடிக்காமல் விட்ட இடம். யாரை விட்டோம், ஏன் விட்டோம், அது எப்படி உங்கள் காலுக்கு வந்து சேர்ந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதியில் கள்ளக்குறிச்சியில் கடலைக்காய் மண்டிக்குப் பின்னால் ஒரு கிடங்கில்தான் எங்கள் ஒத்திகை. மெட்ராஸிலும் வடக்கே வேறு ஊர்களிலும் பாலே கற்றுக்கொண்டு திரும்பியிருந்த ஒருவர் எங்களைச் சேர்த்தார். அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவர் உருவாக்கியது 'கரும்புக் கொல்லை'. சலங்கை கிடையாது, பாட்டு கிடையாது, சாமியும் ராஜாவும் கிடையாது. ஏழு ஆண்கள், ஒரு பெஞ்சு, எங்கள் மூச்சுச் சத்தம், கால் சத்தம். நாற்பது நிமிடம். ஊரில் அதைக் கரும்பு டேன்ஸ் என்றார்கள்.

மாஸ்டர் உருவாக்கியது என்று எழுதினேன். அதைத் திருத்த வேண்டும். நான்காம் பகுதி அவர் உருவாக்கியது இல்லை. எங்கள் ஏழு பேரில் கரும்பு வெட்டியவன் ஏழுமலை ஒருவன்தான். மற்ற ஆறு பேர் வீட்டிலும் கரும்பு இருந்தது. வெட்டியவர்கள் வேறு ஆட்கள். நாங்கள் ஆறு பேரும் ஊர். ஏழுமலை காலனி. ஒருநாள் ஒத்திகையில் நான்காம் பகுதிக்கு எதுவும் அமையாமல் மாஸ்டர் எரிச்சலில் உட்கார்ந்திருந்தபோது ஏழுமலை மூட்டை அடுக்கின் மேல் ஏறினான்.

"மாஸ்டர், நாங்க லாரில லோடு ஏத்தி முடிச்சதும் எப்புடி எறங்குவோம் தெரியுமா? ஏணிலாம் வெக்க மாட்டான். மேலேர்ந்து அப்டியே மல்லாக்க வுழுவோம். கீழ சோகை குமிச்சிருக்கும்."

கரும்பில் உரித்த காய்ந்த தழையைத்தான் சோகை என்போம். கிடங்கில் சோகை இல்லை. "கீழ சோகைக்கு பதிலா நீங்க நில்லுங்க" என்றான். நாங்கள் பக்கத்துக்கு மூன்று பேராக எதிரெதிரே நின்று, எதிரில் இருப்பவனின் முன்னங்கையைப் பிடித்துக்கொண்டோம். அவன் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், பலகைபோல் விழுந்தான். பிடித்தோம். மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். எங்கள் கைகளால் ஆன அந்தப் படுக்கைக்குத் தொட்டில் என்று பெயர் வைத்தோம். நான்காம் பகுதி அன்றைக்குப் பிறந்தது.

அதற்கு ஒரு வழக்கமும் ஏழுமலைதான் கொண்டுவந்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவன் எங்கள் வரிசையில் நடந்து ஒவ்வொருவர் மணிக்கட்டையும் தொடுவான். தொட்டதும் நாங்கள் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஆறு "இருக்கேன்" கேட்டால்தான் அவன் அன்று விழுவான். ஒருமுறை சங்கர் விளையாட்டுக்கு "யோசிக்கறேன்" என்று சொல்ல, ஏழுமலை தரையில் உட்கார்ந்துகொண்டான். "நல்லா யோசிச்சிட்டுச் சொல்லு. நா டீ குடிச்சிட்டு வரேன்." சங்கர் பின்னாலேயே ஓடிப் போய்ச் சொல்லி அழைத்துவந்தான்.

சங்கர் எங்களில் சின்னவன். தொட்டிலில் தோள் பக்கத்து முதல் ஜோடி அவனும் நானும். விழுகிறவனின் பாதி எடை அந்த ஜோடிமேல்தான் வரும்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆட எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வேன் மேலே போய்ச் சேர்ந்த மறுநாள் கீழே சாலை மறியல் தொடங்கிவிட்டது. எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியல். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது. படித்துவிட்டு வேலை இல்லாமல் நின்றவர்கள் என் வீட்டிலேயே மூன்று பேர். என் அண்ணன் அந்த மறியலில் அடி வாங்கி ஒரு காது சரியாகக் கேட்காமல் போனவன். அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் வந்து நீ எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டாம்.

வழியெல்லாம் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டதால் நாங்கள் மலையிலேயே ஒரு வாரம் இருந்தோம். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஏழு பேரும் மாஸ்டரும் ஒரே பாயில். மலைக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கும் சாமைக் கஞ்சியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரே சட்டி, ஒரே கரண்டி. பொழுது போகாமல் மூன்று தடவை ஆடிக் காட்டினோம். மூன்றாம் தடவை ஒரு பெரியவர் எழுந்து, "வெட்டுறீங்க, கட்டுறீங்க, வுழுறீங்க, எல்லாம் சரி. அந்தக் கரும்ப ஆலைக்கி எப்பதான் ஓட்டிக்கினு போவீங்க?" என்று கேட்டார். மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில்தான் ஏழுமலை என்னை முருகேசு என்று கூப்பிட ஆரம்பித்தான். அதுவரை "ஏங்க" என்பான்.

வாரம் முடிந்தும் வேன் போக வழியில்லை. மாஸ்டருக்குக் காய்ச்சல், அவரை வேனோடு மேலே விட்டுவிட்டு நாங்கள் ஏழு பேரும் நடந்தே இறங்கினோம். கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கிடந்த மரத்தின் மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கேர்ந்துடா வரீங்க?"

"கரியாலூர்ல டேன்ஸ் ஆடிட்டு வரோம்ண்ணா."

"ஊரே எரியுது, இவுனுங்களுக்கு டேன்ஸு. எந்த ஆளுங்க நீங்க?"

சங்கர்தான் முன்னால் போனான். "எல்லாம் நம்ம ஆளுங்கதாண்ணா. ஏழு பேரும்."

அவர்கள் மரத்தில் வழி விட்டார்கள். குடத்திலிருந்து தண்ணீரும் கொடுத்தார்கள். ஏழுமலையும் குடித்தான். ஒரு கூப்பிடு தூரம் நடந்ததும் அவன் சங்கரின் சட்டையைப் பிடித்தான்.

"யார்ரா ஒன்ன அப்புடிச் சொல்லச் சொன்னது?"

"சொல்லலன்னா ஒத வாங்கியிருப்ப."

"வாங்கிக்கினு போறன். அது என் ஒத. நா யாருன்னு நீ மாத்திச் சொல்லுவியா?"

"ஒன்னக் காப்பாத்தனுது தப்பா? இன்னாண்ணா இது, நீயே கேளுண்ணா" என்று சங்கர் என்னைப் பார்த்தான். நான் "நடங்கப்பா, பொழுது போவுது" என்றேன். நான் எப்போதும் சொல்வது அதுதான். என் பழைய டயரிகளைப் புரட்டினால், எதையாவது முடிவு செய்திருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் நான் எல்லாரையும் நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

மரத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சங்கரின் மாமாவுக்குப் பழக்கம். அவர் ஏழாவது ஆள் யார் என்று விசாரித்துவிட்டார். பத்து நாளில் விஷயம் மாமாவுக்குப் போய்விட்டது: சாதியை மாற்றிச் சொல்லிக் குடத்துத் தண்ணீர் குடிக்க வைத்தான் உன் மருமகன், தொட்டுத் தூக்கிக்கொண்டு ஆடவும் செய்கிறான். அந்த மாமாவின் மகன் அப்போது ஜெயிலில் இருந்தான். வீட்டில் அழுகையும் ஆத்திரமுமாக இருந்த நேரம். கைக்கு எட்டியவன் சங்கர்.

அடுத்த ஆட்டம் ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். மாலை நான்கு மணி. மூன்றரைக்கு நான் மேடையின் நீள அகலத்தை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். உடை மாற்றும் வகுப்பறைக்குப் பின்னால் மாமாவின் குரல் கேட்டது.

"நாலு ஊரு ஆளு ஒக்காந்துகினுகீது. அத்தினி பேரு எதிர்ல அவன தூக்கிக்கினு நிக்கப் போறியா? எம் புள்ள உள்ள கெடக்கறான்டா நமக்காக. நீ ஆடு, வேணாங்கல. அந்த எடத்துல கைய எடுத்துடு. அவ்ளோதான்."

"மாமா, வுழுந்துடுவான் மாமா."

"வுழட்டும். தர மேலதான வுழுவான்."

நான் முழுவதும் கேட்டேன். ஐந்து நிமிடம் கழித்துச் சங்கரைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். "இன்னாண்ணா, ஆட்டத்துல நா அப்புடிச் செய்வனா?" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் காலில் இல்லாத முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னான். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆனால் போதும் என்று வைத்துக்கொண்டேன். மாஸ்டரிடம் சொன்னால் ஆட்டம் நிற்கும். ஏழுமலையிடம் சொன்னால் அவன் விழமாட்டான். ஏன் விழவில்லை என்று கேள்வி வரும். மைதானத்தில் கூட்டம் நிறைந்துவிட்டது. தலைமை ஆசிரியர் மைக்கில் எங்கள் பெயர்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் நோட்டை மூடி உறையில் போட்டேன்.

இங்கே நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டத்தை நிறுத்துகிற உரிமை மாஸ்டருக்குத்தான் உண்டு என்று உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். பொய். விழப்போகிறவனுக்குத் தெரியாத ஒன்று பிடிக்கப்போகிறவனுக்குத் தெரிந்துவிட்டால், அந்த நொடியிலிருந்து நிறுத்த வேண்டியவன் அவன்தான். தலைமை ஆசிரியர் கோபித்துக்கொள்ளட்டும். கூட்டம் கல்லெறியட்டும். அது எனக்கு அன்றே தெரியும். அனுபவம் இல்லாததால் செய்த தவறு என்று இதை உங்களிடம் தள்ளிவிட எனக்கு வழியில்லை.

ஏழுமலை வரிசையில் வந்தான். மணிக்கட்டைத் தொட்டான். சங்கர் "இருக்கேன்" என்றான். நானும் "இருக்கேன்" என்றேன்.

முப்பத்திரண்டில் அவன் விழுந்தான். சங்கர் என் முன்னங்கையிலிருந்து கையை உருவிக்கொண்டு அரை அடி பின்னால் போனான். மற்ற நான்கு பேரும் இடுப்பையும் காலையும் பிடித்துவிட்டார்கள். தோள் பக்கத்தில் யாரும் இல்லை. ஏழுமலை கடைசி நேரத்தில் வலது கையைக் கீழே ஊன்றினான். மணிக்கட்டு முறிந்த சத்தம் மேடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. பிறகு கை தட்டியது.

ஏழுமலை எழுந்து ஆட்டத்தை முடித்தான். ஐந்தாம் பகுதி முழுவதும் இடது கையால் கட்டுக் கட்டினான்.

அவனுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு முடித்து, உடல் தகுதித் தேர்வுக்குக் கார்டு வந்திருந்தது. கயிறு ஏற வேண்டும். எலும்பு கோணலாகச் சேர்ந்தது. கயிற்றில் பாதி தூரம் போய் இறங்கிவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நாங்கள் எங்கள் இடத்தைக் கேட்டு ரோட்டில் மரத்தைச் சாய்த்த அதே வருடத்தில், அவனுக்கு வந்த இடத்தை அவன் கையிலிருந்து தட்டிவிட்டோம். முப்பது வருடமாக இந்த வாக்கியம் என் மண்டைக்குள் இருக்கிறது. எழுதுவது இதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் கிடங்கில் ஒத்திகை. ஏழுமலை இல்லை. யாராவது பேசுவார்கள் என்று நினைத்தேன். மாஸ்டர் பேசினார்.

"அந்த எடத்துல கூட்டம் எப்படி அடங்குச்சு, பார்த்தீங்களா? பிடிக்கறப்ப அந்த அமைதி வந்ததே இல்ல. விலகறதுல ஒரு அர்த்தம் வருது. ஆறு பேரும் விலகுங்க. விழ வேணாம், உட்காரட்டும். ஏழுமலை எடத்துல வேற ஆள் பார்க்கலாம்."

செத்துப்போனவரைப் பற்றி இப்படி எழுதுகிறாயே என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். அவர் எனக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தவர். ஒருவன் கை முறிந்ததில் அவர் கண்ணுக்கு அமைதிதான் தெரிந்தது. நான் என்ன செய்தேன்? நோட்டைத் திறந்தேன். "32: ஆறு பேரும் அரை அடி பின். விழுதல் இல்லை. மெதுவாக அமர்தல், எட்டு எண்ணிக்கை." அடியில் கோடு போட்டேன். நான் ஒழுங்கானவன். மேடையின் அளவு, விளக்கின் எண்ணிக்கை, யார் எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தார்கள், எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. ஏன் என்பது எங்கும் இல்லை.

அப்படித்தான் அது உங்களிடம் வந்தது. அதன் பிறகு மெட்ராஸில் ஆடினோம், டெல்லியில் ஆடினோம். எல்லா இடத்திலும் அந்த அரை அடியைத்தான் புகழ்ந்தார்கள். நானும் அதை இருபது வருடத்துக்கு மேல் மேடையில் செய்தேன். பிறகு நோட்டைப் பார்த்து நிவேதாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். "விலகும்போது தோள் அசையக் கூடாது" என்று திருத்தியவன்கூட நான்தான்.

நேற்று, புதன்கிழமை, களமருதூர்ப் பக்கம் போய் ஏழுமலையைத் தேடிப் பிடித்தேன். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. கொல்லை வரப்பில் நின்றிருந்தார். இனி அவரை 'அவர்' என்றுதான் எழுத முடிகிறது.

"வாங்க முருகேசன்" என்றார். மலையில் கூப்பிட்ட பெயர் அது இல்லை.

வெட்டிக்கொண்டிருந்த பெண்களிடம், "இவுரு டேன்ஸ் ஆடறவரு, டெல்லிலாம் போனவரு" என்று என்னைக் காட்டினார்.

"இந்தத் தொப்பைய வெச்சிக்கினா?" என்றாள் ஒருத்தி.

"அப்ப தொப்பை கம்மி" என்றார் ஏழுமலை. எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நான் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கோணல் மணிக்கட்டால் அதைப் பிடித்துத் தள்ளி வைத்துப் படித்தார். "இப்ப ஆடற புள்ளைங்க எப்புடி வுழறாங்க?"

"விழறதில்ல. தானா உக்காந்துக்கறாங்க."

"ஒக்காந்துக்கறாங்களா?" அவர் குரல் ஏறியது. "லாரிலேர்ந்து ஒக்காந்துகினா எறங்குவான்? நா அத்த சும்மாவா குடுத்தேன் ஒங்க மாஸ்டருக்கு? அது எங்க ஆளுங்க எறங்கறது. எங்கப்பன் எறங்கனது. அத்தயும் எடுத்துட்டு, நீங்க தள்ளிப் போனீங்க பாரு, அத்த வெச்சிகினு பேரு வாங்கிக்கினு இருக்கீங்களா?"

பெண்கள் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "அன்னிக்கி சங்கர் மட்டும் இல்ல ஏழுமலை. அவன் கைய உருவினது நெசம். நான் எட்டிப் பிடிச்சிருக்கலாம். முன்வரிசையில எங்க மச்சான் உக்காந்திருந்தார். அவரப் பார்த்தேன். நானும் அரை அடி பின்னால போனேன். நோட்டுல அன்னிக்கி நடந்ததுன்னு சங்கர் பேர் மட்டும்தான் எழுதியிருக்கேன்."

"தெரியும்" என்றார். "எந்தக் கை இல்லன்னு முதுகுக்குத் தெரியாதா? ரெண்டு பக்கமும் இல்ல. சங்கரு ஆஸ்பத்திரிக்கி வந்தான். கட்டிலுக்கடில ஒக்காந்துக்கினு அழுதான். நீங்க வருவீங்கன்னு பாத்தேன். நோட்டு எழுதிக்கினு இருந்தீங்க போல."

"ஆட்டத்த நான் நிறுத்தியிருக்கணும்."

"நிறுத்தியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனா என்று கேட்டால், ஆமாம், எதிர்பார்த்தேன். அந்த எதிர்பார்ப்பின் மேல்தான் இப்போது எனக்குக் கோபம் ஜாஸ்தி.

ஊருக்குத் திரும்பி நிவேதாவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "அண்ணா, அழைப்பிதழ் போயிடுச்சு. பாக்க வர்றவங்க அந்த எடத்துக்காகத்தான் வர்றாங்க. அந்த விலகல அப்படியே வெச்சுட்டு, அது எப்படி வந்துச்சுன்னு முன்னாடி மேடையில சொல்லிடலாமே? இன்னும் அழுத்தமா இருக்கும்" என்றாள்.

அவள்மேல் எனக்குத் தனியாகக் கோபம் இல்லை. ஆனால் இதற்கான பதிலை உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒருவரைக் கீழே போட்டோம் என்று மைக்கில் சொல்லிவிட்டு, அதே செயலைத் தோள் அசையாமல் அழகாகத் திரும்பச் செய்து கைதட்டு வாங்குவதற்கு என்ன பெயர்? மாஸ்டர் செய்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அவர் காரணத்தை மறைத்தார். நீங்கள் காரணத்தையும் சேர்த்து விற்பீர்கள். மேடையில் நிற்கிறவர்களுக்கு எல்லாம் அழகாகத் தெரிகிற ஒரு நோய் உண்டு. எனக்கும் இருந்தது. ஒரு அசைவு நன்றாக இருக்கிறது என்று தோன்றினால், அது யார் உடம்பிலிருந்து வந்தது, அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட பிறகு காலை வையுங்கள். நான் கேட்காமல் வைத்தவன்.

'கரும்புக் கொல்லை'யில் நான்காம் பகுதி என்றால் ஒருவர் மல்லாக்க விழ வேண்டும், ஆறு பேர் பிடிக்க வேண்டும். அப்படி ஆட முடியாது என்றால் இந்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள், வேறு பெயரில் வேறு எதையாவது ஆடுங்கள். ஆட்டம் யாருடையது என்று அழைப்பிதழில் எழுதும் இடத்தில் மாஸ்டர் பெயரோடு ஏழுமலை பெயரும் வர வேண்டும். ஏழுமலையிடம் இதைச் சொன்னபோது, "பேரு போடறது இருக்கட்டும், மொதல்ல ஆட்டத்தச் சரியா ஆடச் சொல்லுங்க" என்றார். அதனால் இரண்டும் வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஒத்திகைக்கு வருகிறார். கள்ளக்குறிச்சிப் பஸ்ஸில் அவரே வருவார். அழைத்துவரப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விழுவது எப்படி என்று அவர் காட்டப்போகிறார் என்று நினைத்து யாரும் பெஞ்சின் மேல் ஏறி நிற்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கேட்டேன்.

"வுழறத எவன் வேணா வுழுவான்" என்றார். "புடிக்கறதுக்குத்தான் சொல்லித்தரணும். அத ஒங்கள்ல ஒருத்தன்கூடக் கத்துக்கல."

பிடிக்கும் வரிசையில் முதல் ஜோடியில் ஒரு இடம் என்னுடையது. முட்டி போய்விட்டது, கையில் இன்னும் பலம் இருக்கிறது. அந்த ஒரு நாள் மட்டும் அங்கே நிற்கலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.